மார்பு நோயும் ஆண் பிள்ளைகளும்

பள்ளிக்கூடத்தில் படிக்கும் பதினைந்து, பதினாறு வயதுப் பையன்களுக்குப் பெண்களின் மார்பில் வரும் புற்றுநோயைப் பற்றிக் கற்றுக்கொடுக்க வேண்டும் என்று நாம் சொன்னால், அதைக் கேட்ட மாத்திரத்தில் சிரிக்கிறவர்களும், முகத்தைச் சுளிக்கிறவர்களும், "இவர்களுக்கு வேறு வேலை இல்லையா?" என்று கேட்கிறவர்களுமே நம் நாட்டில் அதிகமாய் இருப்பார்கள் என்பது நமக்குத் தெரியாத சங்கதி அல்ல. "அது பெண்கள் சமாச்சாரம், அதைப் பெண்கள் தங்களுக்குள் பேசிக்கொள்ளட்டும், வயது வந்த பையன் காதில் அதைப் போடுவானேன்?" என்பதுதான் படித்தவர், படியாதவர், ஆஸ்திகர், நாஸ்திகர் என்கின்ற வித்தியாசம் இல்லாமல் எல்லோரும் சொல்லும் சமாதானமாய் இருக்கும். நம் தோழர்கள் வீடுகளிலேயேகூட இந்தப் பேச்சு கிடையாது என்பதை நாம் மறைக்க வேண்டிய அவசியமில்லை. ஆனால், இப்படி யாரும் பேசாமல் இருப்பதனால் அந்தப் பையனுடைய தாய் சாகிறாளே, அதற்கு யார் ஜவாப் சொல்லுவது என்பதுதான் நமது கேள்வி.

முதலாவதாக, இந்த வெட்கம் எப்படிப்பட்ட வெட்கம் என்பதைச் சற்று யோசித்துப் பார்ப்போம். முலை என்கின்ற சொல் நம் நாட்டில் கூசத்தக்க சொல்லாய் எப்போதாவது இருந்திருக்கிறதா? கோவில் கோபுரங்களைப் பார்த்தால், அங்கே பெண் உருவங்கள் எந்தக் கோலத்தில் நிற்கின்றன என்பது குழந்தைகளுக்குக்கூடத் தெரியும். குடும்பத்தோடு போய் அண்ணாந்து பார்த்துவிட்டுக் கன்னத்தில் போட்டுக்கொண்டு வருகிறோம். திருவண்ணாமலையில் இருக்கும் அம்மனுக்கே உண்ணாமுலை என்று பெயர். அந்தப் பெயரைப் பெண்களுக்கு வைத்துத் தெருவில் உரக்கக் கூப்பிடுகிறார்கள். கண்ணகி தன் இடது முலையைத் திருகி எறிந்து மதுரையை எரித்தாள் என்பதைப் பத்தினித்தனத்தின் பெருமையாக மேடை போட்டுப் பேசுகிறார்கள். மதுரை மீனாட்சி மூன்று முலைகளோடு பிறந்தாள் என்றும், கணவனாக வரப்போகும் சிவனைக் கண்டதும் அவற்றில் ஒன்று மறைந்துவிட்டது என்றும் திருவிளையாடற் புராணம் சொல்லுகிறது. அதைக் காலட்சேபமாகச் சொல்லுகிறவருக்கும் வெட்கமில்லை. பக்கத்தில் பெண்டு பிள்ளைகளை வைத்துக்கொண்டு கேட்கிறவர்களுக்கும் வெட்கமில்லை. கல்லில் செதுக்கலாம், பாட்டில் பாடலாம், சினிமாச் சுவரொட்டியில் அச்சடிக்கலாம். ஆனால், ஒரு தாய் தன் மார்பில் கட்டி இருக்கிறது என்று தான் பெற்ற பிள்ளையிடம் சொல்லுவது மாத்திரம் மானக்கேடாம்! புராணத்து மீனாட்சிக்கு மூன்றாவது முலை கணவன் முகத்தைக் கண்டதும் மறைந்திருக்கலாம். நம் வீட்டு மீனாட்சிக்கு வந்த கட்டி கணவன் முகத்தைப் பார்த்து மறைவதில்லையே! அதற்கு வைத்தியர் முகத்தையல்லவா பார்க்க வேண்டும்?

அன்றியும், இந்த மானம் என்பதைத் தீர்மானித்தது பெண்களும் அல்ல. தெற்கே திருவாங்கூர் ராஜ்யத்தில், இன்று கன்னியாகுமரி மாவட்டமாய் இருக்கிற பகுதியில், நாடார் முதலிய வகுப்புப் பெண்கள் மேல்சாதியார் எதிரில் மார்பை மூடக்கூடாது என்பதே ஒரு காலத்தில் மரியாதையாக இருந்தது. மூடிக்கொண்ட பெண்களின் துணியைக் கிழித்து அவமானப்படுத்தினார்கள். பல ஆண்டுகள் நடந்த தோள்சீலைக் கிளர்ச்சிக்குப் பிறகு, 1859-ஆம் வருஷத்தில்தான் நாடார் பெண்கள் மார்பை மூடலாம் என்று மகாராஜா உத்தரவு போட நேர்ந்தது. அதிலும் மேல்சாதிப் பெண்கள் உடுத்துகிற மாதிரி உடுத்தக்கூடாது என்கின்ற நிபந்தனை இருந்தது. அதாவது, மூடாதே என்றாலும் மரியாதை, மூடி வாயைத் திறக்காதே என்றாலும் மரியாதை. மார்பு மாத்திரம் பெண்ணுடையது, அதைப் பற்றிய உத்தரவு எப்போதும் மற்றவருடையது. இப்படிப்பட்ட மானத்தைக் காப்பாற்றுவதற்காகத்தான் நம் பெண்கள் உயிரை விடுகிறார்கள் என்றால், இதைவிட வெட்கக்கேடு வேறு என்ன இருக்க முடியும்?

நிற்க, இந்த நோயின் அளவு என்ன என்பதை வாசகர்கள் தெரிந்துகொள்ள வேண்டும். உலகத்தில் பெண்களுக்கு வரும் புற்றுநோய்களில் இதுவே முதலாவது. பிரான்ஸ் தேசத்தில் லியோன் நகரில் உள்ள சர்வதேசப் புற்றுநோய் ஆராய்ச்சி நிலையத்தார் போட்ட மதிப்பீட்டின்படி, 2022-ஆம் வருஷத்தில் உலகம் முழுவதும் சுமார் 23 லட்சம் பெண்களுக்கு இந்நோய் புதிதாகக் கண்டது. சுமார் 6,70,000 பேர் இறந்தார்கள். அதே வருஷத்தில் இந்தியாவில் புதிதாய்க் கண்டவர்கள் சுமார் 1,92,000; இறந்தவர்கள் சுமார் 98,000. இந்த இரண்டு கணக்குகளையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். உலகக் கணக்கில், நோய் கண்டவர் பத்துப் பேர் என்றால் இறந்தவர் மூன்று பேர். நம் நாட்டிலோ பத்துக்கு ஐந்து! நோய் ஒன்றுதான், உடம்பும் ஒன்றுதான், ஆனால் சாவு மாத்திரம் நமக்கு ஏன் அதிகம்? நம் பெண்களின் தலையெழுத்தா? இல்லவே இல்லை. நல்ல வைத்திய வசதியுள்ள தேசங்களில், நோயை ஆரம்பத்திலேயே கண்டவர்களில் பத்துக்கு ஒன்பது பேர் ஐந்து வருஷத்தைத் தாண்டியும் உயிரோடு இருக்கிறார்கள். நம் பெண்களில் பெரும்பாலோர் கட்டி முற்றி, அக்குளுக்குப் பரவி, சிலர் புண்ணாகி நாற்றம் எடுத்த பிறகே ஆஸ்பத்திரிக்கு வருகிறார்கள். வைத்திய வசதிக் குறைவும் ஒரு காரணம். பணமின்மையும் ஒரு காரணம். ஆனால் கேட்பார் இல்லாமலும், சொல்ல வாய் இல்லாமலும் கழிந்த மாதங்களும் ஒரு பெரிய காரணம்.

இதை ஊரார் கதையாகச் சொல்லவில்லை. இதை எழுதுகிறவன் 1995-ஆம் வருஷத்தில் பதினைந்து வயதுப் பையன். வீட்டில் தறி. தாயாருக்கு நாற்பத்திரண்டு வயது. தார் சுற்றுவது முதல் சமையல் வரை எல்லாம் அவர் கையில்தான். ஒரு நாள் அவர் பக்கத்து வீட்டு அம்மாளிடம் ரகசியமாய் ஏதோ சொன்னார். அந்த அம்மாள் மஞ்சளும் சுண்ணாம்பும் குழைத்துப் பற்றுப் போடச் சொன்னார். அது பலிக்கவில்லை என்றவுடன், நான்கு மைலுக்கு அப்பால் இருந்த ஒரு மந்திரக்காரரிடம் கயிறு மந்திரித்து வாங்கிவரப் பையனை அனுப்பினார்கள். "அம்மாவுக்கு மேலுக்கு முடியவில்லை" என்று மாத்திரம் சொன்னார்கள். என்ன முடியவில்லை, எங்கே முடியவில்லை என்று அவனும் கேட்கவில்லை. கேட்கக்கூடாது என்பது மாத்திரம் அவனுக்கு எப்படியோ தெரிந்திருந்தது. செவ்வாய்க்கிழமையும் வெள்ளிக்கிழமையும் தேங்காயும் பதினொரு ரூபாயும் எடுத்துக்கொண்டு சைக்கிளில் போய் வந்தான். போகிற வழியில் சர்க்கார் ஆஸ்பத்திரி இருந்தது. போகும்போது ஒரு தடவை, வரும்போது ஒரு தடவை, வாரத்திற்கு நான்கு தடவை அதன் வாசலைத் தாண்டினான். தகப்பனாருக்கே விஷயம் தெரிந்தது ஆறாவது மாதத்தில். ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனது ஒன்பதாவது மாதத்தில். "இத்தனை நாள் என்ன செய்துகொண்டிருந்தீர்கள்?" என்று வைத்தியர் கோபித்துக்கொண்டபோது, கையில் கயிற்றோடு நின்ற தாயார் தலையைக் குனிந்துகொண்டார். நோயின் பெயரைப் பையன் தெரிந்துகொண்டது ஆஸ்பத்திரிச் சீட்டைப் படித்துத்தான். 1997-இல் தாயார் இறந்தார். அந்தப் பையன் அயோக்கியன் அல்ல. அம்மாவிடம் பிரியம் இல்லாதவனும் அல்ல. அவனுக்கு ஒரே ஒரு விஷயம் தெரியாது, அவ்வளவுதான். தெரிந்திருந்தால் அந்தச் சைக்கிள் அந்த வாசலில் நின்றிருக்கும்.

ஆகவே, பையன்களுக்கு ஏன் சொல்ல வேண்டும் என்பதற்கு முதல் காரணம் இதுவே. நம் நாட்டில் இந்நோய் நாற்பதும் ஐம்பதுமான வயதிலேயே ஏராளமான பெண்களுக்கு வருகிறது. அந்த வயதுத் தாய்க்கு வீட்டில் எந்த வயதுப் பிள்ளைகள் இருப்பார்கள்? பதினைந்தும் பதினெட்டும்தான். வீட்டில் எழுத்துப் படிக்கத் தெரிந்தவன் அவன். செல்பேசியைக் கையில் வைத்திருப்பவன் அவன். தாயை வண்டியில் உட்காரவைத்து டவுனுக்கு அழைத்துப் போகிறவன் அவன். தகப்பன் வெளியூர் வேலைக்குப் போய்விட்ட வீடுகளிலோ, கேட்கவே வேண்டாம். அப்படிப்பட்டவனிடம் மாத்திரம் இந்தச் சங்கதியை மறைத்து வைப்பது, வீடு தீப்பிடித்தால் தண்ணீர் கொண்டுவரக் கூடியவனுடைய கண்ணைக் கட்டிவிடுவது போன்றதே அல்லாமல் வேறு என்ன?

இரண்டாவது காரணம், பையனுக்கும் மார்பு இருக்கிறது என்பது. பன்னிரண்டு, பதின்மூன்று வயதிலிருந்து, வாலிபம் வருகிற சமயத்தில், பையன்களில் சுமார் பாதிப் பேருக்கு மார்க்காம்புக்குக் கீழே சுண்டைக்காய், நெல்லிக்காய் மாதிரி ஒரு தடிப்பு உண்டாகிறது. தொட்டால் வலிக்கவும் செய்யும். உடம்பில் சுரக்கும் சத்துகள் அந்த வயதில் ஏறி இறங்குவதால் வருவது அது. புற்றுநோய் அல்ல; பெண் தன்மையும் அல்ல; யாதொரு பாவத்தின் பலனும் அல்ல. அநேகருக்கு ஒன்றிரண்டு வருஷத்தில் தானாகவே அடங்கிவிடும். ஆனால், இதைச் சொல்லுவார் இல்லாததால், அந்தப் பையன் சட்டையைக் கழற்ற வெட்கப்பட்டு, கிணற்றில் குளிக்காமல், கேலிக்குப் பயந்து கூனிக் கொண்டு நடக்கிறான். மருந்து விற்கும் புரட்டர்களிடம் ரகசியமாய்ப் பணத்தைத் தொலைக்கிறான். தன் மார்பைப் பற்றியே வாய் திறக்க முடியாதவன் தாய் மார்பைப் பற்றி எப்படி வாய் திறப்பான்? மேலும், வளர்ந்த ஆண்களுக்கும் மார்பில் புற்றுநோய் வருவது உண்டு. நூறு நோயாளிகளில் ஒருவர், அல்லது அதற்கும் குறைவு என்றாலும், வருவது நிச்சயம். பெரும்பாலும் அறுபது வயதைச் சுற்றி வருகிறது. ஆணுக்கு இது வராது என்கின்ற நம்பிக்கையால் அவர்களும் காலங்கடந்தே வைத்தியரிடம் போகிறார்கள். ஆகையால், இது "பெண்கள் சமாச்சாரம்" என்பதே முதலில் பொய்.

மூன்றாவது காரணம், பரம்பரையைப் பற்றியது. இந்நோய் கண்டவர்களில் நூற்றுக்கு ஐந்து முதல் பத்துப் பேருக்கு அது பெற்றோர் வழியாய் வந்த ஒரு மரபணுக் கோளாறினால் உண்டாகிறது. பி.ஆர்.சி.ஏ. என்று பெயரிடப்பட்ட இந்த மரபணுக்களில் முதலாவது 1994-இல் பிரித்தறியப்பட்டது. நம் ஜனங்கள் என்ன நினைத்துக்கொண்டிருக்கிறார்கள் என்றால், இது தாய்வழி வியாதி, பாட்டியிடமிருந்து பெண்ணுக்கு, பெண்ணிடமிருந்து பேத்திக்கு என்று மாத்திரமே நினைத்துக்கொண்டிருக்கிறார்கள். இது தவறு. அந்தக் கோளாறு தகப்பனிடம் இருந்தாலும், அவன் பெற்ற ஒவ்வொரு பிள்ளைக்கும், ஆணோ பெண்ணோ, அது போவதற்குச் சரிபாதி வாய்ப்பு உண்டு. தகப்பனோடு பிறந்த அத்தைக்கு நோய் வந்ததென்றால், அதைப் பையனும் தெரிந்து வைத்துக்கொள்ள வேண்டும். நாளைக்கு அவன் பெறப்போகும் பெண்ணுக்கு அது உபயோகப்படும். பெண் எடுக்கும்போது ஏழு தலைமுறைக் கோத்திரம் விசாரிக்கிற நாட்டில், அத்தை எந்த நோயில் செத்தாள் என்று கேட்டால் மாத்திரம் "என்னமோ கட்டி வந்து போய்விட்டாள்" என்பதற்குமேல் யாருக்கும் தெரியவில்லை!

நான்காவது காரணம், இன்றையப் பையன் நாளையப் புருஷன். பெண் வைத்தியத்திற்குப் போகலாமா கூடாதா, எந்த ஆஸ்பத்திரி, எவ்வளவு செலவு, நகையை அடகு வைப்பதா வேண்டாமா என்பதெல்லாம் இன்னமும் பெரும்பாலும் ஆண் வாயிலிருந்தே வருகிறது. மார்பை அறுத்தெடுத்த பிறகு மனைவியைத் தாய்வீட்டுக்கு அனுப்பிவிட்டு வேறு பெண் பார்க்கிற "யோக்கியர்களும்" இருக்கிறார்கள். அவர்கள் வானத்திலிருந்து குதித்தவர்கள் அல்லர். பெண் என்றால் ஒரு மார்பு, மார்பு போனால் பெண்ணே போயிற்று என்று பதினைந்து வயதில் சுவரொட்டியைப் பார்த்துக் கற்றுக்கொண்டவர்களே அவர்கள். அதற்கு எதிராக ஒரு வார்த்தை அந்த வயதில் அவர்களுக்கு யாரும் சொல்லவில்லை.

"சொன்னால் பையன்கள் இளிப்பார்களே" என்று ஒரு ஆட்சேபணை வரும். வாஸ்தவம், இளிப்பார்கள். இதில் அமெரிக்காவில் நடந்த ஒரு சங்கதியைச் சொல்லலாம். அங்கே ஒரு ஸ்தாபனத்தார் மார்புப் புற்றுநோயைப் பற்றி வாலிபர்களைப் பேச வைப்பதற்காக, மார்பை நேசிக்கிறேன் என்கின்ற அர்த்தத்தில் கொச்சையான ஒரு வாசகத்தைப் போட்டு ரப்பர்க் கைவளையம் விற்றார்கள். பென்சில்வேனியா மாகாணத்தில் ஈஸ்டன் என்னும் ஊர்ப் பள்ளிக்கூடத்தார் அதைத் தடை செய்தார்கள். 2010-இல், தடையை மீறி அணிந்த இரண்டு மாணவிகளைத் தண்டித்தார்கள். மாணவிகள் நீதிமன்றத்துக்குப் போனார்கள். 2013-இல் மேல்முறையீட்டு நீதிமன்றம் மாணவிகள் பக்கம் தீர்ப்புச் சொல்லிற்று. 2014-இல் சுப்ரீம் கோர்ட்டு அவ்வழக்கை எடுத்துக்கொள்ள மறுத்ததால் அத்தீர்ப்பே நிலைத்தது. பேசும் உரிமை நிலைத்தது நல்லதே. ஆனாலும், அந்த வளையத்து வாசகம் நமக்குச் சம்மதமானது அல்ல. காப்பாற்ற வேண்டியது மார்பை அல்ல, மார்பை உடைய மனுஷியை. உயிரைக் காப்பாற்ற மார்பையே அறுத்தெறிய வேண்டி வருகிற நோய்க்கு, "மார்பின்மேல் ஆசை" என்பதைக் காட்டிப் பிரசாரம் செய்தால், அறுத்துக்கொண்டவள் தன்னைப் பற்றி என்ன நினைத்துக்கொள்ளுவாள்? ஒன்றுமே பேசாமல் வாயை மூடுவதும், இளிப்புக்கு இளிப்பாகப் பேசுவதும் ஆகிய இரண்டுமே வேண்டியதில்லை. கணக்கு வாத்தியார் கணக்குச் சொல்லுகிற முகத்தோடு, கண், காது, கை, கால் என்று சொல்லுகிற வரிசையில் மார்பையும் சொன்னால் போதும். முதல் நாள் இளிக்கிறவன் மூன்றாம் நாள் கேள்வி கேட்பான். நம் பையன்கள் இளிப்பது அறிவினால் அல்ல, அறியாமையினால். அறியாமைக்கு மருந்து கதவைச் சாத்துவது அல்ல.

ஆனால், நம் பள்ளிக்கூடங்களில் நடப்பது என்ன? பெண்களுக்கு உடம்பைப் பற்றி ஏதாவது சொல்ல வேண்டிய நாள் வந்தால், அவர்களை ஒரு அறையில் கூட்டிக் கதவைச் சாத்திவிட்டு, பையன்களை மைதானத்துக்கு விரட்டிவிடுகிறார்கள். புத்தகத்தில் இனப்பெருக்கப் பாடம் வந்தால், "வீட்டில் படித்துக்கொள்ளுங்கள்" என்று பக்கத்தைத் தள்ளிவிடுகிற உபாத்தியாயர்கள் எத்தனை பேர்! சாத்திய கதவிலிருந்து அந்தப் பையன் என்ன பாடம் படித்துக்கொள்ளுகிறான் என்றால், பெண் உடம்பு என்பது மறைக்க வேண்டிய அசிங்கம், அல்லது ஒளிந்து பார்க்க வேண்டிய பண்டம் என்பதைத்தான்.

இது ஒருபுறமிருக்க, இந்நோயை ஜெயிக்க மனிதர்கள் எப்படிப் பாடுபட்டார்கள் என்பதையும் பையன்களுக்குச் சொல்ல வேண்டும். ஜப்பானில் ஹனவோகா செய்ஷூ என்கின்ற வைத்தியர், 1804-ஆம் வருஷத்திலேயே, மயக்கமருந்து கொடுத்து ஒரு மூதாட்டியின் மார்புப் புற்றை அறுத்தெடுத்தார். அமெரிக்காவில் ஈதர் மயக்கம் வருவதற்கு நாற்பது வருஷத்திற்கு முன் இது நடந்தது. அந்த மருந்தைப் பரீட்சிக்கத் தன் உடம்பைக் கொடுத்த அவர் மனைவி கண்பார்வையை இழந்தார். பிறகு, அமெரிக்காவில் ஹால்ஸ்டெட் என்கின்ற பெரிய வைத்தியர், மார்போடு நெஞ்சுத் தசையையும் அக்குள் முடிச்சுகளையும் சேர்த்து அறுத்தால்தான் பிழைப்பார்கள் என்று 1894-இல் எழுதினார். உலகமே அதை ஒப்புக்கொண்டு எழுபது, எண்பது வருஷம் அப்படியே அறுத்தது. பிஷர் என்கின்ற வைத்தியர் அதைக் கேள்வி கேட்டார். பெண்களைப் பிரிவாகப் பிரித்துப் பரீட்சித்துப் பார்த்து, ஆரம்பக் கட்டிகளுக்குக் கட்டியை மாத்திரம் எடுத்துக் கதிர்வைத்தியம் செய்தாலும் உயிர் பிழைப்பதில் வித்தியாசம் இல்லை என்று 1985-இல் காட்டினார். எவ்வளவு பெரியவர் சொன்னாலும், தவறு என்று தெரிந்தால் விட்டுவிடுவதற்குப் பெயர்தான் விஞ்ஞானம். அதேபோல், பெண்கள் மாதந்தோறும் ஒரு முறைப்படி தாங்களே தடவிப் பார்த்துக்கொள்ள வேண்டும் என்று வெகுகாலம் சொல்லப்பட்டது. சீனாவில் ஷாங்காய் நகர நெசவாலைகளில் 2,66,000 பெண்களை வைத்துப் பரீட்சித்ததில், அந்த முறையைப் பயிற்றியதால் மாத்திரம் சாவு குறையவில்லை என்று 2002-இல் தெரிந்தது. சரி என்று ஒப்புக்கொண்டு, மாதச் சடங்காக அல்லாமல், தன் உடம்பின் இயல்பை அறிந்து, மாறுதல் கண்டால் உடனே காட்டு என்று இப்போது சொல்லுகிறார்கள். பம்பாயில் டாட்டா நினைவு ஆஸ்பத்திரியார் 1998-இல் ஆரம்பித்து, சுமார் 1,50,000 பெண்களை இருபது வருஷம் தொடர்ந்து கவனித்தார்கள். பயிற்சி பெற்ற சுகாதாரப் பணிப்பெண்கள் இரண்டு வருஷத்திற்கொரு முறை கையினால் பரிசோதித்ததில், நோய் முன்னதாகவே தெரிந்தது என்றும், ஐம்பது வயதுக்கு மேற்பட்டவர்களில் சாவு நூற்றுக்கு முப்பது அளவு குறைந்தது என்றும் 2021-இல் வெளியிட்டார்கள். விலையுயர்ந்த இயந்திரம்கூட இல்லை, பழகிய கைதான். தேவதாசி முறையை ஒழிக்கப் போராடிய டாக்டர் முத்துலட்சுமி ரெட்டி அம்மையார், தம் தங்கையைப் புற்றுநோய்க்குப் பறிகொடுத்த பிறகு, அழுதுவிட்டுத் திதி கொடுத்ததோடு நின்றுவிடவில்லை. பாடுபட்டு 1954-இல் சென்னை அடையாற்றில் புற்றுநோய் ஆஸ்பத்திரியைத் தொடங்கினார். இவற்றில் எந்தக் காரியம் கயிற்றினாலும் விபூதியினாலும் ஆயிற்று?

இனி, பையன்களுக்குச் சொல்ல வேண்டியது அதிகம் இல்லை. மார்பிலோ அக்குளிலோ புதிதாய்க் கட்டி, அது வலிக்காவிட்டாலும்கூட. தோல் குழிவிழுதல், அல்லது ஆரஞ்சுப்பழத் தோல் மாதிரி ஆகுதல். காம்பு புதிதாய் உள்ளே இழுத்தல், புண்ணாதல், இரத்தமோ நீரோ கசிதல். ஒரு பக்கம் மாத்திரம் அளவோ உருவமோ மாறுதல்: இவற்றில் எது கண்டாலும் நாள் பார்க்காமல் ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டும். வலி இல்லையே என்று இருப்பதுதான் பெரிய மோசம். போனவுடன் பயப்படவும் வேண்டியதில்லை. மார்புக் கட்டிகளில் பெரும்பான்மை புற்றுநோய் அல்ல. எது என்று கையும், எக்ஸ்ரே படமும், ஊசியால் எடுக்கும் துளிச் சதையும்தான் சொல்ல வேண்டும். குறி சொல்லுகிறவன் சொல்லக்கூடாது. ஊசி குத்தினால் பரவும், கத்தி பட்டால் பரவும் என்பது புரட்டு. இது தொற்று வியாதி அல்ல; நோயாளிக்குத் தனித் தட்டும் தனிப் பாயும் போடுவது கொடுமை. கண்பட்டதாலோ, சாபத்தாலோ, முன்ஜென்மத்தாலோ இது வருவதில்லை. வயது ஏறுவது, பரம்பரை, மதுபானம், அதிக உடற்பருமன் முதலியவை இதற்கு வாய்ப்பைக் கூட்டும். பிள்ளைக்குப் பாலூட்டுவது குறைக்கும். ஆனால் யாதொரு காரணமும் தெரியாமல் வருபவர்களே அநேகம் ஆதலால், வந்தவளைக் குற்றம் சொல்ல யாருக்கும் யோக்கியதை இல்லை. சர்க்கார் ஆஸ்பத்திரியில் வைத்தியம் உண்டு. வருமான வரம்புக்குட்பட்ட குடும்பங்களுக்கு முதலமைச்சரின் மருத்துவக் காப்பீட்டுத் திட்டத்திலும் இதற்கு இடம் உண்டு. இவ்வளவுதான். அரைமணி நேரப் பாடம்.

இதற்குச் சர்க்கார் உத்தரவு வரட்டும் என்று நம் தோழர்கள் காத்திருக்க வேண்டியதில்லை. உங்கள் ஊர்ப் பள்ளிக்கூடத் தலைமை ஆசிரியரைப் போய்ப் பாருங்கள். ஆரம்ப சுகாதார நிலையத்து வைத்தியரையோ, கிராமச் செவிலியரையோ அழைத்து, பையன்களையும் பெண்களையும் ஒரே கூடத்தில், கதவைத் திறந்து வைத்துக்கொண்டு, ஒரு மணி நேரம் பேசச் செய்யுங்கள். அவர் மறுத்தால் நம் படிப்பகம் இருக்கிறது, அங்கே பேசச் செய்யுங்கள். அதற்கும் முன்பாக, பிள்ளை பெற்ற ஒவ்வொரு தோழரும் இன்று இராத்திரி சாப்பிடுகிறபோது, வீட்டு அம்மாள் பக்கத்தில் இருக்கும்போதே, தம் மகனிடம் இதைச் சொல்லட்டும். பத்திரிகையைப் படித்துக் காட்டியாவது சொல்லட்டும். முதல் வார்த்தைக்கு நாக்குக் கூசும். கூசினாலும் பாதகமில்லை. "அம்மா, உனக்கு அப்படி ஏதாவது இருந்தால் என்னிடம் சொல்லு, நான் அழைத்துப் போகிறேன்" என்று ஒரு பையன் கேட்டுவிட்டானானால், அந்த வீட்டில் நம் வேலை ஆயிற்று.